நனைவதற்கென்றே ஓர் இறகு

கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் போகும் கிட்டங்கி வீதியில் நின்று பார்த்தால், மட்டக்களப்புக் களப்பின் தென்கோடியும் வயல்வெளியும் ஒன்றையொன்று தொட்டுக் கிடப்பது தெரியும். அம்பாறைக் கரையில் இப்படி ஆழங்குறைந்த நீர்ப்பரப்புகள் ஏராளம். அவற்றில் மூழ்கி இரை தேடும் பறவைகள் முக்கியமாக மூன்று வகை. சின்ன முக்குளிப்பான் முழு உடம்பும் தெரிய மிதந்து, கண் இமைக்கும் நேரத்தில் காணாமற்போய், சற்றுத் தள்ளி எழும்பும். நீர்க்காகம் முதுகு பாதி அமிழ மிதந்து, ஒரு துள்ளுத் துள்ளித் தலைகுப்புற இறங்கும். மூன்றாவது பறவையான பாம்புத்தாரா உடம்பைக் காட்டுவதே அரிது. மெல்லிய கழுத்தும் ஊசிமுனை அலகும் மட்டுமே நீருக்கு மேல் நகரும். துள்ளல் எதுவுமின்றி, வட்ட அலைகூட எழாமல், அந்தக் கழுத்தும் கீழே போய்விடும். பிறகு பார்த்தால் அதே பறவை பட்டமரக் கொம்பொன்றில் ஏறி, உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, இரண்டு சிறகையும் அகல விரித்து உட்கார்ந்திருக்கும். வாத்து நாள் முழுக்க நீரில் கிடந்தாலும் அதன் இறகில் தண்ணீர் உருண்டு ஓடிவிடுகிறது. தண்ணீரையே நம்பிப் பிழைக்கும் இந்தப் பறவைக்கு மட்டும் நீர் புகாத இறகு வாய்க்காமற்போனது ஏன்? நனைதல் இந்தப் பறவைக்கு நேர்ந்த குறை என்றே பலரும் எண்ணுகிறார்கள். சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் முடிவு நேர்மாறாக வருகிறது: பாம்புத்தாரா மீன் பிடிக்கும் முறைக்கு நனைதல்தான் முதல் கருவி.

பறவையை முதலில் சரியாக அடையாளம் காண வேண்டும். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 85 முதல் 97 சென்ரிமீற்றர் நீளம். அதில் பெரும்பங்கு கழுத்துக்கும் வாலுக்கும் போய்விடுகிறது. உடம்பு கறுப்பு, கழுத்து கபிலம், தோளில் வெள்ளிக் கோடுகளாக நீண்டு தொங்கும் இறகுகள். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கீழ்நோக்கி வளைந்த கொக்கி இருக்கும். பாம்புத்தாராவின் அலகு நேராகக் கூர்ந்து முடியும். தொலைவில் இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு வேறுபாடே போதும். அறிவியலில் இதன் பெயர் அனிங்கா மெலனோகாஸ்டர். அந்தப் பெயரை 1769இல் இட்டவர் வேல்ஸ் நாட்டு இயற்கையியலாளர் தோமஸ் பெனன்ற். அவருடைய நூலுக்கு அடிப்படையாக அமைந்த ஓவியங்களில் பல, 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராயிருந்த லோட்டன் இங்கு வரையச் செய்து கொண்டுபோனவை. உலகில் இந்தக் குடும்பத்தில் மொத்தம் நான்கு இனங்களே உண்டு: அமெரிக்காவில் ஒன்று, ஆபிரிக்காவில் ஒன்று, ஆசியாவில் நம்முடையது, அவுஸ்திரேலியா பக்கத்தில் ஒன்று. நான்கும் வெப்பமான நாடுகளிலேயே பெரும்பாலும் வாழ்கின்றன. இந்தத் தகவல் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இனி நீரின் பக்கம் வருவோம். நீரில் இறங்கும் எந்தப் பொருளையும் நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. பாடசாலையில் மேலுதைப்பு என்று படித்தது இதுதான். பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் நிறைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும். தண்ணீர் காற்றைப்போல ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஆகவே ஒரு பறவை தன் இறகுகளுக்கிடையே சிறைப்பிடித்து வைத்திருக்கும் காற்று, நிறையை அநேகமாகக் கூட்டாமல் பருமனை மட்டும் கூட்டுகிறது. மிதக்க விரும்பும் வாத்துக்கு இது வரம். மூழ்க விரும்பும் பறவைக்கோ அதே காற்று ஓயாத தொல்லை. கீழே இருக்கும் ஒவ்வொரு வினாடியும் காலால் உதைத்து, அந்தத் தள்ளலோடு மல்லுக்கட்ட வேண்டும். உதைப்பதை நிறுத்தினால் உடம்பு மேலே வந்துவிடும்.

ஆழத்துக்குப் போகும் பறவைகளுக்கு இந்தத் தொல்லை தானாகவே குறைகிறது. பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் நீர்மட்டத்தில் இருப்பதைப்போல இரண்டு மடங்காகும். இறகிலுள்ள காற்று பாதிப் பருமனுக்குச் சுருங்கும். மேலுதைப்பும் அதற்கேற்பத் தளரும். ஆனால் நம்முடைய களப்புகளிலும் குளங்களிலும் பறவைகள் இரை தேடும் பகுதி பெரும்பாலும் ஓரிரு மீற்றர் ஆழமே. இரண்டு மீற்றரில் அமுக்கம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும்; காற்று ஆறில் ஒரு பங்குதான் சுருங்கும். மீதி முழுவதும் பறவையை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆழமான கடலைவிட ஆழங்குறைந்த களப்பில் நீருக்கடியில் தங்குவதே கடினம் என்பது கேட்பதற்கு முரணாகத் தோன்றலாம். ஆனாலும் பௌதிகம் சொல்வது அதுதான். ஆழங்குறைந்த நீரில், அதுவும் அசையாமல், கீழே நிற்க விரும்பும் பறவைக்கு ஒரே வழி இறகிலிருக்கும் காற்றை முதலிலேயே வெளியேற்றிவிடுவது. இறகை நனைய விட்டால் அதுதான் நடக்கிறது. காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. இறகுக்குள் புகுந்த தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே அடர்த்தி என்பதால், அந்த இடத்தில் மேலுதைப்புக்கு வேலையில்லை.

ஓர் இறகு நனைகிறதா இல்லையா என்பதை எது தீர்மானிக்கிறது? இதற்கான விடை பறவையியலிலிருந்து வரவில்லை, நெசவிலிருந்து வந்தது. காசி, பக்ஸ்ரர் என்ற இரு ஆய்வாளர்கள் 1944இல், துளைகள் நிறைந்த பரப்புகள் நீரை எப்படி ஏற்கின்றன அல்லது தள்ளுகின்றன என்பதை ஆராய்ந்தார்கள். துணிதான் அவர்களுடைய முதன்மையான அக்கறை. வாத்தின் இறகையும் அதே கண்ணோடு பார்த்தார்கள். மருதமுனைத் தறிக்காரருக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கத் தேவையில்லை. மெழுகு பூசிய ஒரே நூலைக் கொண்டு ஒரு துணியை நெருக்கியும் இன்னொன்றை ஐதாகவும் நெய்தால், நெருங்கிய துணியில் தண்ணீர் நிற்கும். ஐதான துணியில் கொஞ்சம் அழுத்தினாலே உள்ளே இறங்கிவிடும். நூலும் மெழுகும் ஒன்றே. வேறுபாடு இழையின் தடிப்புக்கும் இழைக்கு இழை உள்ள இடைவெளிக்கும் இடையிலான விகிதத்தில் இருக்கிறது. இறகும் அப்படி நெய்யப்பட்டதுதான். நடுத்தண்டிலிருந்து இரு பக்கமும் கிளைகள் போகின்றன, கிளையிலிருந்து நுண்கிளைகள், நுண்கிளைகளில் உள்ள கொளுக்கிகள் பக்கத்துக் கிளையைப் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பற்று இறுக்கமாகவும் சீராகவும் இருந்தால் தண்ணீர் துளியாக உருண்டு நிற்கும். பற்றுத் தளர்ந்து கிளைகள் தனித்தனியே நின்றால், தண்ணீர் அவற்றுக்கிடையே நுழைந்து காற்றை விரட்டிவிடும்.

இங்கே வழக்கமான மறுப்பு ஒன்று எழும். வாத்து தன் வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயை எடுத்து இறகில் பூசுகிறது. நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் அந்த எண்ணெய் இல்லை, அதனால்தான் நனைகின்றன என்று பல நூல்கள் எழுதிவந்தன. இதைச் சோதித்துப் பார்ப்பது கடினமல்ல. உடலைத் திறந்து பார்த்தால் இரண்டு பறவைகளிலும் அந்தச் சுரப்பி இருக்கிறது, வேலையும் செய்கிறது. 1968இல் ரைக்கே என்ற ஆய்வாளர் துணிகளுக்கான அதே கணக்கை நீர்க்காகத்தின் இறகுக்குப் போட்டுப் பார்த்தார். இறகின் கிளைத் தடிப்பையும் இடைவெளியையும் நுணுக்குக்காட்டியில் அளந்து, நனைதலுக்குக் காரணம் எண்ணெய்க் குறைவு அல்ல, இறகின் கட்டமைப்பே என்று காட்டினார். எண்ணெய்க்கு வேலை இல்லை என்று இதற்குப் பொருளல்ல. இழை முறிந்துபோகாமல் வளைந்து கொடுக்கவும், கொளுக்கிகள் ஒழுங்காகப் பற்றவும் எண்ணெய் உதவுகிறது. நீர் உள்ளே வருமா வராதா என்ற தீர்ப்பை வழங்குவது நெசவு. இந்த வேறுபாடு நம் வாதத்துக்கு முக்கியம். எண்ணெய் தீர்ந்துபோனதால் நனைகிறது என்றால் அதைக் குறை எனலாம். இறகே நனையும்படி அமைந்திருக்கிறது என்றால், அந்த அமைப்பால் என்ன பயன் என்று கேட்டாக வேண்டும்.

பயன் என்னவென்று அறிய, பறவை கீழே போய் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒஸ்கார் ஓவ்ரே 1967இல் புளோரிடாவில் வாழும் அமெரிக்கத் தாராவையும் அங்குள்ள நீர்க்காகத்தையும் அக்குவேறு ஆணிவேறாக ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். நீர்க்காகம் மீனைத் துரத்துகிறது. இரண்டு கால்களாலும் ஒருசேர உதைத்து விரைந்து, கொக்கி அலகால் கவ்வுகிறது. தாரா துரத்துவதில்லை. நீருக்கடியில் மெல்ல ஊர்ந்து, சிறகைச் சற்றே விரித்து, ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்று, மீன் எட்டும் தூரத்துக்கு வரக் காத்திருக்கிறது. வந்ததும் கழுத்து பாய்கிறது. இந்தப் பாய்ச்சலுக்கான பொறி கழுத்து முள்ளென்புகளில் இருக்கிறது. எட்டாவது முள்ளென்பு மற்றவற்றோடு நேராகப் பொருந்தாமல் மடங்கிப் பொருந்துவதால், கழுத்து எப்போதும் வளைந்த நிலையில் இருக்கிறது. ஒன்பதாவதன் முதுகுப்புறத்தில் ஒரு சிறு பாலம் அமைந்து, தசைநாண் ஒன்றுக்கு வழிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த ஜேர்மன் உடற்கூற்றியலாளர் டோனிற்ஸின் பெயராலேயே அந்தப் பாலம் அழைக்கப்படுகிறது. முன்பக்கத் தசைகள் சுருங்கும்போது மடிப்பு ஒரேயடியாக விரிந்து, தலை முன்னே எறியப்படுகிறது. கரையில் நிற்கும் கொக்கும் கழுத்தை இப்படித்தான் எறியும். ஆனால் கொக்கு காற்றிலிருந்து நீருக்குள் பார்ப்பதால், ஒளிமுறிவினால் மீன் இருக்கும் இடம் அதற்கு மாறித் தெரியும். அந்தப் பிழையைத் திருத்திக் கொத்த வேண்டும். பாம்புத்தாராவின் கண்ணும் மீனும் ஒரே நீருக்குள் இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

இந்த வேட்டையின் முடிவை மட்டுமே கரையிலிருந்து பார்க்க முடியும், அதையும் கவனித்துப் பார்த்தால் நிறையவே தெரியும். பறவை மேலே வரும்போது மீன் அலகின் நடுவே கவ்வப்பட்டிருக்காது. விலாப்பக்கம் குத்தப்பட்டு அலகில் கோத்திருக்கும். பெரும்பாலும் அலகின் இரு பாதியும் மெல்லப் பிரிந்திருக்கக் குத்தியிருப்பது, அருகிலிருந்து எடுத்த படங்களில் தெளிவாகத் தெரியும். அலகின் ஓரத்தில் உள்நோக்கிச் சாய்ந்த நுண்பற்கள் இருப்பதால் மீன் வழுக்கிப் போவதில்லை. அதே காரணத்தால் கழற்றுவதும் எளிதல்ல. பறவை தலையை இருபுறமும் உதறி, சில வேளை கொம்பில் அடித்து, மீனைத் தளர்த்தும். பிறகு மேலே எறிந்து, தலை முன்னே வரும்படி பிடித்து விழுங்கும். தலை முன்னே போனால்தான் செதிளும் முள்ளும் தொண்டையில் படிந்து இறங்கும். விலாவில் விழுந்த அந்தக் குத்துக் காயம் ஒரு முக்கியமான சான்று. ஓடுகிற மீனைப் பின்னாலிருந்து துரத்திப் பிடித்தால் வால்பக்கத்தில்தான் காயம் விழ வேண்டும். விலாவில் விழுகிறது என்றால், மீன் பறவையைக் கவனிக்காமல் குறுக்கே நீந்தியிருக்கிறது. பறவை அசையாமல் நின்றிருந்தால்தான் அது நடக்கும். அசையாமல் நிற்க மேலுதைப்பு அடங்கியிருக்க வேண்டும். ஆழங்குறைந்த நீரில் மேலுதைப்பு அடங்க இறகு நனைந்திருக்க வேண்டும். இதுவே இந்தக் கட்டுரையின் வாதச் சங்கிலி.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் இழுத்துப் பார்ப்பது நல்லது. முதல் எதிர்ப்பை முக்குளிப்பானே எழுப்பும். அதன் இறகு நனைவதில்லை. ஆனாலும் அதே குளத்தில், அதே ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்கிறது. அப்படியானால் நனைதல் எதற்கு? முக்குளிப்பான் மூழ்குமுன் இறகுகளை உடம்போடு அழுத்தி, இடையிலுள்ள காற்றின் ஒரு பகுதியை வெளியேற்றுகிறது. வேண்டுமானால் சத்தமின்றி அப்படியே தாழவும் அதற்குத் தெரியும். ஆனால் எஞ்சிய காற்று அதை மேலே தள்ளிக்கொண்டுதான் இருக்கும். அதை வெல்ல அதன் கால்கள் உடம்பின் பின்கோடியில் அமைந்து, விரல்கள் தட்டையான மடல்களாக அகன்று, விடாமல் உதைக்கின்றன. மூழ்கல்கள் குறுகியவை; இரை சிறு மீனும் பூச்சியும். அதாவது நனையாமலும் மூழ்கலாம், ஆனால் விடாமல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே நீரில் இரண்டு தொழில்கள் இருக்க இடமுண்டு என்பதையே இது காட்டுகிறது. அசையாமல் நிற்கும் தொழிலுக்கு நனைதல் தேவை என்ற கூற்றை இது மறுக்கவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் வலுவானது. நீர்க்காகமும் நனைகிறது, அது துரத்தும் பறவை. பெரிய நீர்க்காகமோ கிரீன்லாந்தின் உறைபனிக் கடலில்கூட மூழ்குகிறது. நனைந்தால் அங்கே உயிர் எப்படித் தப்பும்? இந்தக் கேள்விக்கு 2005இல் டேவிட் கிரெமியேயும் கூட்டாளிகளும் விடை கண்டார்கள். பெரிய நீர்க்காகத்தின் உடல் இறகு ஒவ்வொன்றும் இரு பகுதிகளாக நெய்யப்பட்டிருக்கிறது. வெளி ஓரம் தளர்ந்தது, உடனே நனைவது. உள்நடுப் பகுதி இறுக்கமானது, நீர் புகாதது. ஆகவே மேலே நனைந்தாலும் தோலோடு ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் எஞ்சுகிறது. நனைதல் என்பது உண்டா இல்லையா என்ற இருநிலைக் கேள்வியல்ல என்பதுதான் இதில் கிடைக்கும் பாடம். ஒரு முனையில் வாத்து, நடுவில் நீர்க்காகம், மறுமுனையில் தோல்வரை நனையும் தாரா. வேட்டை எவ்வளவு மெதுவானதோ, வாழும் நீர் எவ்வளவு வெப்பமானதோ, அவ்வளவுக்கு இறகு மறுமுனையை நோக்கிச் செல்கிறது. எதிர்ப்பாக வந்த உண்மை வாதத்தைக் கூர்மையாக்கிவிட்டது.

எந்தக் கருவிக்கும் விலை உண்டு. நனைதலின் விலை வெப்பம். தண்ணீர் காற்றைப்போல ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். காற்றுப் படலத்தை இழந்த பறவை நீரில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உடற்சூட்டை இழக்கிறது. இந்த இழப்பை ஈடுசெய்ய உடம்பு அதிகமாக எரிக்கலாம். அதற்கு அதிக மீன் வேண்டும். தாரா வேறு வழியைக் கைக்கொள்கிறது. புளோரிடாத் தாராக்களை ஆராய்ந்த வில்லார்ட் ஹெனெமன் 1982இல் வெளியிட்ட முடிவுப்படி, அந்தப் பறவையின் அனுசேபம், அதாவது உடம்பு ஓய்வில் எரிக்கும் சக்தி, அதன் நிறைக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிடக் குறைவு. உடற்சூடு வெளியேறும் வேகமோ அதிகம். செலவைக் குறைத்து, வரவை வெயிலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சிறகை விரித்து உட்காரும்போது அது முதுகைச் சூரியனுக்குக் காட்டுகிறது. கறுப்பு இறகு வெயிலை உறிஞ்சுகிறது. நீர்க்காகம் சிறகு விரிப்பது பெரும்பாலும் உலர்த்தவே. தாரா விரிப்பதில் குளிர்காய்வதே முதல் நோக்கம் என்று அவர் கருதினார். தாராவின் நான்கு இனங்களும் வெப்ப நாடுகளையே ஏன் விடாமல் பற்றியிருக்கின்றன என்பது இதனால் விளங்குகிறது. நனையும் இறகுக்கு வெயில்தான் மறுபாதி. வெயில் குறைந்த நாட்டில் இந்தக் கணக்கு நட்டத்தில் முடியும்.

இங்கேதான் புகைப்படம் வெறும் அழகுப் பொருள் என்ற நிலையைத் தாண்டுகிறது. கொம்பில் சிறகு விரித்த பாம்புத்தாராவை யாரும் படம் எடுக்கலாம், கைப்பேசியே போதும். அந்தப் படத்தில் பறவையின் முதுகு எந்தத் திசையைப் பார்க்கிறது, வெயில் எந்தத் திசையிலிருந்து விழுகிறது என்ற இரண்டும் பதிவாகிவிடுகின்றன. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான ஊர்கள் ஒரு வசதியான அமைப்பில் இருக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே களப்பும் வயலும், இரண்டுக்கும் நடுவே நீண்ட ஊர். சுபஹுக்குப் பிறகு வெயில் ஏறும் நேரத்தில் ஊர்ப்பக்கமாக நின்று மேற்கே கமராவைத் திருப்பினால், சூரியன் படம் எடுப்பவருக்குப் பின்னால் இருக்கும். ஹெனெமன் சொன்னது நம் பறவைக்கும் பொருந்துமானால், அந்த வேளையில் படத்தில் விழ வேண்டியது முதுகு. அஸருக்குப் பிறகு அதே இடத்தில் நின்று எடுத்தால் விழ வேண்டியது நெஞ்சு. சூரியன் நடு உச்சியில் இருக்கும்போது திசைக்கு அர்த்தமில்லை. அப்போது பறவை சிறகு விரிப்பதே குறைய வேண்டும். ஒரு கருதுகோளிலிருந்து இப்படி முன்கூட்டியே சொல்லக்கூடியவற்றை எடுத்து, நிகழ்கிறதா என்று பார்ப்பதுதான் அறிவியலின் அன்றாட வேலை.

இதிலும் ஒரு குழப்பி உண்டு, அது காற்று. நனைந்த சிறகை உலர்த்தும் பறவைக்குக் காற்றின் திசையும் முக்கியம். காலையில் வெயிலும் காற்றும் ஒரே பக்கத்திலிருந்து வந்தால், பறவை எதற்காகத் திரும்பியிருக்கிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கரையில் இயற்கையே ஒரு பரிசோதனையை நடத்தித் தருகிறது. கச்சான் வீசும் மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வரும். காலை வெயிலோ கிழக்கிலிருந்து. அப்போது பறவையின் முதுகு வெயிலுக்கா, காற்றுக்கா என்பது பிரிந்து தெரியும். ஒரு படம் போதாது. ஒரு பறவையும் போதாது. பல பறவைகள், பல காலைகள், இரண்டு பருவங்கள் என்று சேர்ந்தால் வெயிலின் பங்கையும் காற்றின் பங்கையும் தனித்தனியே எடைபோடலாம். படத்தோடு திகதியும் நேரமும் கமராவிலேயே பதிந்துவிடும். காற்றின் திசையை எடுப்பவர்தான் எழுதிவைக்க வேண்டும்.

நீருக்குள் நடப்பதைப் படம் எடுப்பது இதைவிடக் கடினம். நீர்ப்பரப்பில் தெறிக்கும் ஒளியைக் குறைக்க முனைவாக்க வடிகட்டியை வில்லையின் முன்னே பூட்டுவார்கள். தெறித்த ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதால் வடிகட்டி அதை மறித்துவிடும். ஆனால் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 37 பாகை கீழ்நோக்கிப் பார்க்கும்போதுதான் அது முழுப் பலன் தரும். பாலத்திலிருந்து பக்கத்திலுள்ள நீரைப் பார்க்க இது உதவும். வெகுதூரத்தில் நீந்தும் பறவைக்கு உதவாது. மாரிகாலத்துக் கலங்கல் நீரிலோ எந்த வடிகட்டியும் பயன்படாது. ஆகவே கரையிலிருந்து எடுப்பவர் நீர்மட்டக் கோட்டைக் கவனிப்பதே பயனுள்ளது. முதல் முறை நீரில் இறங்கும் பறவையின் முதுகு எவ்வளவு வெளியே தெரிகிறது, சில மூழ்கல்களுக்குப் பிறகு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று ஒரே இடத்திலிருந்து வரிசையாக எடுத்தால், இறகு நீரை ஏற்கும் வேகம் படத்திலேயே தெரிந்துவிடும். கறுப்புப் பறவை பளபளக்கும் நீரில் இருக்கும்போது கமரா நீரின் வெளிச்சத்தை அளந்து பறவையைக் கருநிழலாக்கிவிடும். வெளிச்ச அளவைப் பறவையின் மேல் வைத்தே எடுக்க வேண்டும். மீனை மேலே எறியும் கணத்துக்கு வினாடியில் 2000இல் ஒரு பங்கு போன்ற வேகம் தேவை. நெருங்கிப் போவதற்கும் ஓர் எல்லை உண்டு. சிறகு விரித்த பறவை வெயிலிலிருந்து சக்தி சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதைக் கலைத்தால் அந்தச் சேமிப்பு போய்விடும். தாராக்கள் பறக்கும் இறகுகளை ஒரேயடியாக உதிர்த்து, சில வாரங்கள் பறக்க முடியாமல் இருக்கும் காலமும் உண்டு. கொக்குகளோடு கலந்து கூடு கட்டும் மரங்களுக்கு அருகே போவது அதைவிடக் கேடு: தாய் எழுந்துபோனால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்துக்கும் பலியாகும்.

இறுதியாக, கூர்ப்புப் பற்றிய வாதங்கள் எல்லாவற்றுக்கும் வரும் மறுப்பு ஒன்று இருக்கிறது. இருக்கும் உறுப்பைப் பார்த்துவிட்டு அதற்கு ஒரு பயன் கற்பிப்பது யாருக்கும் எளிது. நனைதல் வேறெதற்கோ பக்கவிளைவாக வந்திருக்கலாமே என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வாதம் ஓர் உறுப்பின் மேல் மட்டும் நிற்கவில்லை. தளர்ந்த நெசவு, மடிந்த கழுத்து, குத்தும் அலகு, விலாக் காயம், குறைந்த அனுசேபம், வெயிலுக்குக் காட்டும் முதுகு, வெப்ப நாடுகளில் ஒதுங்கிய பரம்பல் என்று, தனித்தனி ஆய்வாளர்கள் தனித்தனி முறைகளில் கண்டவை அனைத்தும் ஒரே தொழிலைச் சுட்டுகின்றன. எந்தச் சான்று வந்தால் இந்த வாதம் விழும் என்றும் சொல்ல முடிகிறது. குளிர்நாட்டு நீரில் நிலையாக வாழும் தாரா இனம் ஒன்று கிடைத்தாலோ, தோல்வரை நனையும் இறகோடு ஆழ்நீரில் மீனைத் துரத்திப் பிழைக்கும் தாரா ஒன்று கிடைத்தாலோ இதைக் கைவிட வேண்டியதுதான். விழக்கூடிய இடத்தைத் தானே காட்டும் விளக்கத்தைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது.

இந்த விளக்கத்தால் நமக்கு நடைமுறைப் பயனும் உண்டு. அசையாமல் நின்று, கண்ணால் பார்த்துக் குத்தும் பறவைக்குக் கலங்காத, ஆழங்குறைந்த, திறந்த நீர் வேண்டும். நீர்மேல் வெயில் காய நிற்கும் பட்டமரமும் வேண்டும். மண்போட்டு நிரப்பிய களப்போரத்திலும், சல்வீனியா மூடிய குளத்திலும், கண்டல் வெட்டப்பட்ட கரையிலும் மீன் மிஞ்சியிருக்கலாம். ஆனால் பாம்புத்தாரா தன் தொழிலைச் செய்ய அங்கே இடமிருக்காது. நீருக்குள் மெதுவாக ஊர்வதால், கண்ணுக்குத் தெரியாத தங்கூசி வலை அதற்குப் பெரிய ஆபத்து. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. அந்த மாதம் நம் கரையில் நீர் நிறைந்தும் கலங்கியும் இருக்கும். நீர் வற்றித் தெளியும் மற்ற மாதங்களில் இந்தப் பறவை எங்கே ஒதுங்குகிறது என்பதை இங்கேயே வாழ்பவர்கள்தான் தொடர்ந்து பதிய முடியும். குமண வில்லில் இருப்பவற்றைக் காக்க 1938இலேயே சரணாலயம் வந்துவிட்டது. கிட்டங்கியிலும் ஒலுவிலிலும் நிந்தவூர் வயலோரங்களிலும் அப்படிப்பட்ட வேலி எதுவும் இல்லை. அங்கே எந்தக் கொம்பை விட்டுவைக்க வேண்டும், எந்த நீரோரத்தை நிரப்பக் கூடாது என்ற கேள்வி பிரதேச சபையில் எழும்போது, இடமும் நேரமும் காற்றும் குறித்து வைத்த நூறு படங்கள் மேசையில் இருந்தால், பேச்சு ஊகத்தில் தொடங்காமல் சான்றில் தொடங்கும்.